ஆன்மிகச் சாதனையில் இறங்கியவர் பாட்டை விட்டுவிட வேண்டுமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது முப்பத்தாறு. கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை. சொந்தச் செலவில் இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறார். ஓராண்டாக மாதப் பூசம் தவறாமல் வடலூர் போகிறார். விடுமுறை நாட்களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதிக்கு அருகே கண்மூடி உட்கார்ந்துவிட்டு வருகிறார். அது தொடங்கியதிலிருந்து ஒரு வரிகூட எழுத வரவில்லை. போகிற வழியில் பழக்கமான ஒரு சாமியார், “கவிதை என்பது அகங்காரம், நோட்டுகளை எரித்துவிட்டு வா” என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் மனைவி பயந்து போயிருக்கிறார். “நம் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாம் பாட்டை விட்டுவிட்டுத்தான் மேலே போனார்களா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பது வரலாறு; அதற்குச் சான்று காட்டிப் பதில் சொல்ல முடியும். எழுத வரவில்லையே, அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்பது இரண்டாவது. அதில் ஓரளவு சொல்லலாம். மூன்றாவதை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. வேலையையும் வீட்டையும் விட்டுவிடலாமா என்பது. மனைவி பயப்படுகிறார் என்று எழுதிய வரியில் அது ஒளிந்திருக்கிறது. நான் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். திருமுறைகளையும் திருவருட்பாவையும் பாடம் சொன்ன பழக்கம் உண்டு. கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் கவியரங்கங்களில் முன்வரிசையிலும் மேடையிலும் உட்கார்ந்த அனுபவம் உண்டு. தீட்சை வாங்கியவன் அல்லன். தியானத்தில் உங்களுக்கு வரும் அனுபவம் எந்தப் படி, எந்த நிலை என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்த எல்லைக்குள் நின்று எழுதுகிறேன்.

வள்ளலாரிடமிருந்து தொடங்குவோம். நீங்கள் போகிற இடம் அவருடையது. அதைவிட முக்கியம், அவருடைய உள்ளம் எப்படி நடந்தது என்பதற்கு அவர் கைப்பட எழுதிய கடிதங்களே கிடைத்திருக்கின்றன. 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். வளர்ந்தது சென்னையில், புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய அண்ணன் சபாபதியின் நிழலில். அந்தக் காலத்தில் கந்தகோட்டத்து முருகன் மீதும் திருத்தணிகை, திருவொற்றியூர் மீதும் பாடிய பாட்டுகளைப் படித்துப் பாருங்கள். அடர்ந்த சொற்கட்டு, நீண்ட விருத்தங்கள், கற்றவர் சபையில் நிமிர்ந்து நிற்கும் நடை. 1858 வாக்கில் சென்னையை விட்டு நம் பக்கம் வந்துவிட்டார். கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். பட்டணத்துப் புலவர் கிராமத்துத் திண்ணைக்கு வந்து சேர்ந்த காலம் அது.

இந்தக் கருங்குழிக் காலத்தில்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. சென்னையில் இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்களைத் திரட்டி அச்சிட வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1860-ஐ ஒட்டிய கடிதங்களில் அந்த இழுபறி அப்படியே தெரிகிறது. பாட்டுகள் தபாலில் வந்து சேரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று முதலியார் எழுதிவிட்டார். வள்ளலாருக்கு அது பொறுக்கவில்லை. நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், அனுப்பி வைக்கிறேன் என்கிற வகையில் பதில் போகிறது. பிறகு புத்தகத்தில் பெயர் போடும் பேச்சு வந்தபோது, ‘இராமலிங்கசாமி’ என்று போடுவது தனக்குச் சம்மதமில்லை, ஆரவாரத்துக்கு ஏற்ற பெயராகத் தோன்றுகிறது, அப்படி வழங்க வேண்டாம் என்று எழுதுகிறார். கடிதங்களில் அவர் போட்ட கையெழுத்து ‘சிதம்பரம் இராமலிங்கம்’. கடைசியில் 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைப் பதிப்பித்தார். அதற்குத் துணை நின்றவர்களில் ஒருவர் புதுவை வேலு முதலியார், நம் புதுச்சேரிக்காரர்.

இதில் அவர் எதை விட மறுத்தார், எதை விட்டார் என்று கூர்ந்து பாருங்கள். அச்சுக்குத் தயங்கினார். பெயருக்குத் தயங்கினார். பாடுவதற்கு ஒரு நாளும் தயங்கியதாகத் தெரியவில்லை. 1865-இல் சன்மார்க்க சங்கம், 1867 மே 23-இல் வடலூர்த் தருமச்சாலை, 1872 ஜனவரி 25 தைப்பூசத்தில் ஞானசபை வழிபாடு. இவ்வளவு வேலைக்கும் நடுவில், அதே 1872 ஏப்ரல் 18 அன்று மேட்டுக்குப்பத்தில் அருட்பெருஞ்ஜோதி அகவல் எழுதி முடிகிறது. 1,596 அடி. அவர் கைப்பட எழுதிய பிரதி இருக்கிறது. 1874 ஜனவரி 30-இல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், அதற்கு இரண்டு வருடங்கூட முந்தாத ஒரு நாளில் தம் பாட்டுகளிலேயே நீளமானதை எழுதியிருக்கிறார். சாதனை முற்ற முற்றப் பாட்டு வற்றும் என்பது விதியானால், முதலில் வற்றியிருக்க வேண்டியது இந்த அகவல்தான்.

வற்றவில்லை, ஆனால் மாறியது. ஆறாம் திருமுறையைத் திறந்தால் ஊதூது சங்கே என்கிறது ஒரு பாட்டு, பந்தாடுகிறது ஒரு பாட்டு, கண்ணி கண்ணியாகக் கும்மிக்கு ஏற்றாற்போல் வருகிறது இன்னொன்று. பெண்கள் அம்மானை ஆடும்போதும் பிள்ளைகள் தெருவில் ஆடும்போதும் பாடுகிற மெட்டு. கந்தகோட்டத்து விருத்தத்தை எழுதிய கை இதற்கு வந்து சேர்ந்திருக்கிறது. எளிமை இயலாமையால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கேட்பவர் மாறிவிட்டார், கற்றவர் சபை போய்த் தருமச்சாலைப் பந்தி வந்துவிட்டது. வகுப்பில் முதல் திருமுறையையும் ஆறாம் திருமுறையையும் அடுத்தடுத்துப் படிக்க வைப்பேன். யாப்பு அறியாத மாணவர்கூட இந்த வேறுபாட்டைக் காதால் கண்டுபிடித்துவிடுவார். ஆறாம் திருமுறை அவர் காலத்தில் அச்சேறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1885-இல்தான் வெளிவந்தது. அச்சில் பார்க்கப்போவதில்லை என்ற நிலையிலும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இவ்வளவும் உறுதி. இனி உறுதியில்லாதவை. அகவலை ஒரே இரவில் எழுதியது, “கடை விரித்தோம், கொள்வாரில்லை” என்று சொல்லிவிட்டுப் போனது. இவையெல்லாம் அன்பர்கள் வழியாக வருபவை. நம்புகிறவர் நம்பட்டும், நான் அவற்றை வைத்து உங்களுக்கு முடிவு சொல்ல மாட்டேன். மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் 1869-இல் ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு நடந்தது உறுதி. வள்ளலார் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், நாவலரும் எழுந்தார் என்பது வாய்வழிக் கதை. மேட்டுக்குப்பத்து அறையைப் பற்றி 1906-இல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட கெஜட்டியரும் குறிப்பிடுகிறது: அறைக்குள் சென்றார், அதன்பின் யாரும் அவரைக் காணவில்லை. அவ்வளவுதான் அரசாங்கக் குறிப்பு. ஜோதியில் கலந்தார் என்பது அவர் வழி நிற்பவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் அறைக்குள் போனதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன் அவர் ஊருக்குச் சோறு போட்டதையும் ஓயாமல் எழுதியதையும் விட்டுவிடுகிறவர்கள், வள்ளலாரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

அடுத்தவர் பாரதி. இவரைச் சிறு ஊர்க் கவிஞர் என்று சொல்வது பலருக்கு உறுத்தும். ஆனால் 1908-இலிருந்து 1918 நவம்பர் வரை அவர் வாழ்ந்தது அப்படித்தான். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு, கடற்கரை, முத்தியால்பேட்டைப் பக்கத்துத் தோப்பு, கருவடிக்குப்பத்துச் சித்தர் கோயில். நடந்தே சுற்றிவிடக்கூடிய உலகம். 1910-இல் ‘இந்தியா’ பத்திரிகையும் நின்றுபோனது. ஊரில் வேவுகாரர் நடமாட்டம், கையில் காசில்லை, எழுதியதை அச்சிட வழியில்லை. அந்த நெருக்கடியில்தான் உள்முகத் தேட்டமும் பெருகியது. 1910 ஏப்ரல் 4-இல் அரவிந்தர் வந்து சேர்ந்தார். இருவரும் வேதம் படித்தார்கள். பதஞ்சலி யோக சூத்திரத்தைப் பாரதி தமிழாக்கத் தொடங்கினார்.

தெருவில் அழுக்கு மூட்டை சுமந்து திரிந்த குள்ளச்சாமியைப் பாரதி தம் சுயசரிதைப் பாட்டில் குருவாகவே வைத்துப் பாடுகிறார். அதில் ஒரு காட்சி. சாமி கந்தல் மூட்டையோடு போகிறார். இது என்ன கோலம், எதற்கு இந்தக் குப்பையைச் சுமக்கிறீர் என்று பாரதி கேட்கிறார். நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே பழங்குப்பை சுமக்கிறாய் என்று பதில் வருகிறது. உங்கள் சாமியார் சொன்னதோடு இதை ஒட்டிப் பாருங்கள். உள்ளே குப்பை இருக்கிறது என்றுதான் குள்ளச்சாமியும் சொன்னார். அந்தக் குப்பை கவிதை என்று அவர் சொல்லவில்லை. கேட்ட பாரதியும் நோட்டை எரிக்கவில்லை, அதையே பாட்டாக எழுதி வைத்தார். சென்றதை நினைத்துப் புலம்பும் மனம்தான் குப்பை என்று பாட்டு தொடர்ந்து விளக்குகிறது.

இன்னொரு சான்று இதைவிட வலுவானது. மணக்குள விநாயகர் மீது பாரதி பாடிய நான்மணிமாலை முழுக்க முழுக்க வேண்டுதல். அந்தப் பிரார்த்தனைக்கு நடுவில்தான், நமக்குத் தொழில் கவிதை என்று தொடங்கும் வெண்பா வருகிறது. கவியரங்க மேடைகளில் அந்த வரியை வீரமுழக்கமாகப் பேசிப் பேசி, அது எங்கிருந்து வந்தது என்பதையே மறந்துவிட்டோம். பிள்ளையார் முன்னால் நின்று, என் மனமே நீ செய்ய வேண்டியது இது என்று சொல்லிக்கொள்கிற இடம் அது. கவிதையையும் நாட்டுக்கு உழைப்பதையும் சோர்வில்லாமல் இருப்பதையும் ஒரே மூச்சில் வைக்கிறார். அடுத்த முறை மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனால், இறந்துபோன கோயில் யானையின் நினைவோடு நிற்கிற கூட்டத்தில் ஒதுங்கி நின்று அந்த நாற்பது பாட்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைக்கும்.

ஆசிரமத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் உட்கார்ந்துவிட்டு வருகிற சமாதிக்குரியவரே கடைசிவரை கவிஞர். ‘சாவித்திரி’யைப் பல்லாண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார். பார்வை மங்கிய காலத்தில் நிரோத்பரன் என்ற மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அந்த மருத்துவரையே கவிதை எழுத வைத்து, வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவரும் அரவிந்தர்தான். பாட்டைச் சாதனைக்குப் பகையாக அவர் கருதியிருந்தால் அந்தத் திருத்தங்களுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவிட்டிருக்க மாட்டார்.

எதிர்த்திசையில் நடந்தவரையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகச் சாட்சி திரட்டியது போலாகிவிடும். பாரதிதாசன் புதுச்சேரியில் 1891-இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1926-இல் மயிலம் சுப்பிரமணியர் மீது துதியமுது பாடி வெளியிட்டவர், சில ஆண்டுகளிலேயே சுயமரியாதை இயக்கத்துக்குப் போய்க் கடவுளை விட்டுவிட்டார். பக்தி போனதும் பாட்டு போகவில்லை; அதற்குப் பிறகுதான் பெரிதாக வந்தது. ஆக, தேட்டம் இருந்தால்தான் பாட்டு என்பதும் இல்லை, தேட்டம் வந்தால் பாட்டு போய்விடும் என்பதும் இல்லை. இந்த இரண்டு ஊர்களின் வரலாற்றில் இரண்டும் ஒன்றையொன்று அழித்ததற்கு எனக்குத் தெரிந்து சாட்சி கிடையாது. நோட்டை எரிக்கச் சொன்னவர் எந்த மரபிலிருந்து சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். வள்ளலார் மரபிலிருந்து இருக்க முடியாது. அப்பர் மரபிலிருந்தும் இருக்க முடியாது. சமண சமயத்தை விட்டுத் திருவதிகைக்குத் தமக்கையிடம் திரும்பிவந்த நாளில் அவர் செய்த முதல் காரியமே பாடியதுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எழுத வரவில்லை என்கிறீர்களே, எது வரவில்லை? இதை நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறு ஊர்க் கவிஞனின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வாழ்த்து மடல், பதினாறாம் நாளுக்கு இரங்கற்பா, கும்பாபிஷேக மலருக்கு ஒரு விருத்தம், பொங்கலுக்கும் சுதந்திர தினத்துக்கும் கவியரங்கம். தலைவர் பெயரைச் சொல்லும் வரியில் கைதட்டல் வாங்கத் தெரிய வேண்டும். பொன்னாடை போடுவார்கள், அது அடுத்த விழாவில் இன்னொருவர் தோளுக்குப் போகும். சொந்தக் காசில் புத்தகம் போட்டு, நூலக ஆணை கிடைக்குமா என்று அலைந்து, மீதிப் பிரதிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்க வேண்டும். இந்த வாழ்க்கையை நான் இழிவாகச் சொல்லவில்லை. கவியரங்கமும் வாழ்த்து மடலும் இல்லாவிட்டால் சாதாரணத் தமிழனின் வீட்டுக்குள் யாப்பு என்றோ செத்துப் போயிருக்கும். ஆனால் நாள்தோறும் ஒரு மணி நேரம் சும்மா இருந்து பழகுகிறவருக்கு முதலில் கசந்து போவது இந்தக் கைதட்டல் கவிதைதான். அது கசந்ததை, கவிதையே கசந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பலர் தவித்துப் போகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் பத்திரம் எழுதுகிறவர். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். மரபுக் கவிதையில் கெட்டிக்காரர், கவியரங்கத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். நடுவயதில் சன்மார்க்கத்தில் ஈடுபாடு வந்து மேடை ஏறுவதை நிறுத்திக்கொண்டார். எழுதுவதையும் நிறுத்திவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. அவர் போன பிறகு வீட்டார் ஒரு மூட்டை நோட்டுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள். சிவப்பு அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டுகள். இடது பக்கத்தில் கிரய பத்திரத்துக்கான வரைவு: கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே வாய்க்கால், தெற்கே பாதை, பட்டா எண், செண்டு கணக்கு. வலது பக்கத்தில் அகவலிலிருந்து பத்துப் பதினைந்து அடி, பார்த்து எழுதியது. அதற்குக் கீழே தேதியும் நட்சத்திரமும் போட்டு, அவருடையதாக ஒரு வெண்பா. பல நாட்களில் வெண்பா முடியவில்லை. ஈற்றடி இல்லாமல் மூன்றடியோடு நிற்கிறது. அடித்துத் திருத்திய இடங்களும் உண்டு. ஒரு முந்திரித் தோப்பை விற்ற விவசாயிக்குப் பத்திரம் எழுதிய நாளில், அந்தத் தோப்பை நினைத்தே ஒரு வெண்பா இருக்கிறது. மேடையில் அவர் படித்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. வாங்கினவர் பெயரும் விற்றவர் பெயரும் இடது பக்கத்தில், விற்றவரின் துக்கம் வலது பக்கத்தில். கைதட்டுகிறவர் யாரும் இல்லாத இடத்தில் எழுதிய கவிதை அது. ஊருக்கு அவர் எழுதாதவர். நோட்டுகளுக்கோ அவர் எழுதாத வாரம் அபூர்வம்.

ஒருவரை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது. உங்கள் வறட்சியும் இப்படிப்பட்டதுதான் என்று இங்கிருந்தபடி நான் அடித்துச் சொல்லவும் மாட்டேன். உண்மையாகவே உங்களுக்குள் கவிதை முடிந்திருக்கலாம். அப்படி முடிந்தவர்களும் உண்டு. அதில் அவமானமும் இல்லை. ஆனால் முடிந்ததா இல்லையா என்பதைச் சாமியார் சொல்லி முடிவுகட்ட வேண்டாம். மேடையை ஒரு வருடம் விட்டுப் பாருங்கள். யார் அழைத்தாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். முகநூலிலும் எதையும் போடாதீர்கள். அகவலை மனப்பாடத்துக்காக இல்லாமல் கையால் எழுதிப் பாருங்கள், நாளுக்குப் பத்து அடி போதும். அதற்குக் கீழே அன்று கண்ணில் பட்டதை இரண்டு வரி எழுதுங்கள். கவிதையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நகைக் கடனுக்கு வரிசையில் நின்ற பெண்ணின் கையைப் பற்றி இருக்கட்டும், கரும்பு லாரி நின்ற சாலையைப் பற்றி இருக்கட்டும். ஆலையின் புகை நாற்றமே நெல்லிக்குப்பத்தில் ஒரு பருவம் அல்லவா, அதைப் பற்றி இருக்கட்டும்.

வடலூருக்குப் போகும்போது ஜோதி தரிசனத்தோடு திரும்பிவிடாதீர்கள். திரைகள் விலகுவதைப் பார்க்கிற கூட்டம் பெரிது; தருமச்சாலையில் வாழையிலை எடுத்துப் போடுகிற கூட்டம் அவ்வளவு பெரிதல்ல. 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிற இடம் அது. காய் நறுக்கவும் பரிமாறவும் ஆள் எப்போதும் தேவைப்படும். கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று வள்ளலார் உரைநடையிலேயே எழுதி வைத்திருக்கிறார். பசித்தவருக்குச் சோறு போடுவதைத் தியானத்துக்குக் கீழான படியாக அவர் எங்கும் வைக்கவில்லை. கண்மூடி உட்காருவது மட்டும்தான் சாதனை என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணம் பந்தியில் மாறும். உள்ளூர் மன்றத்தில் நடக்கும் அகவல் பாராயணத்துக்கும் போங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றுகிற அந்தப் பெரியவர்களில் பலருக்கு அகவல் முழுவதும் மனப்பாடம். யாப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆனால் எந்த அடியில் மூச்சு வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, வீடு. இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். வள்ளலாருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள், அவர் இல்லறத்தில் ஈடுபடவில்லை என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதை உங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் சம்மதித்துக் கட்டிக்கொண்டவர். பாரதி சிட்டுக்குருவிக்கு அரிசியை வாரி இறைத்த கதையை எல்லோரும் ரசித்துச் சொல்கிறோம். அன்றைக்குச் செல்லம்மாள் உலையில் எதைப் போட்டார் என்று கேட்கிறவர் குறைவு. அந்தப் பத்தாண்டுப் பட்டினியை இரண்டு பெண் குழந்தைகளோடு அவரும் சுமந்தார். பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பி எல்லையில் கைதாகி, 1918 டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தபோதும் தவித்துக்கொண்டிருந்தது அந்தக் குடும்பம்தான். நாட்டுக்காகப் பட்ட கஷ்டம் அது. உங்களுக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை. நாள் முழுவதும் பத்திரம் எழுதிக்கொண்டே ஒருவர் நோட்டு நோட்டாக வெண்பா எழுத முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஒருவர் பாரதிதாசன் ஆக முடிந்தது. வங்கி வேலை சாதனைக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால், அவருக்கு மாதச் செலவு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

மனைவியிடம் எதையும் மறைக்காதீர்கள். அடுத்த பூசத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்று காட்டுங்கள். அவர் பயம் பெரும்பாலும் தெரியாததைப் பற்றிய பயம். அந்தச் சாமியாரையும் அவர் ஒருமுறை பார்க்கட்டும். ஆளை எடைபோடுவதில் வீட்டுப் பெண்களின் கணிப்பு நம்முடையதைவிடச் சரியாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் இதுவரை பணமோ நகையோ நிலமோ கேட்டிருந்தால், இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன். தூக்கம் எப்படி இருக்கிறது? பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காதில் குரல் கேட்கிறது, எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று நெஞ்சு துடிக்கிறது என்று ஏதாவது இருந்தால், அதை ஆன்மிக அனுபவம் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைச் சாதனையில் தோற்றதாக நினைக்க வேண்டியதே இல்லை. உடம்பைக் காப்பாற்றச் சொன்ன மரபுதான் நம்முடையது. ஒரு வேளை சாப்பிட்டு விரதமிருந்த முதலியாருக்கு வள்ளலார் என்ன எழுதினார் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

நோட்டுகளை எரிக்க வேண்டாம். வீட்டில் இருப்பது உறுத்தினால் ஒரு பையில் கட்டி உங்கள் நண்பர் யாரிடமாவது ஒரு வருடத்துக்குக் கொடுத்து வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் என்னிடம் கொடுங்கள், பிரிக்காமல் வைத்திருக்கிறேன். தியானத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்விகளுக்கு, சன்மார்க்கத்தில் நெடுங்காலம் நின்று, யாரிடமும் எதுவும் வாங்காமல் வாழ்கிற பெரியவர்கள் மேட்டுக்குப்பத்திலும் வடலூரிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். யாப்பிலோ அருட்பாவிலோ சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள்.